வேனிலிற் பூக்கும் வன்னி

வசந்தம் என்றதும் நம்முட் பலருக்கு நினைவுக்கு வருவது இரவலாக வாங்கிய ஒரு காட்சியே. பனி உருகுகின்றது, ஓடை ஓடுகின்றது, மொட்டு அவிழ்கின்றது, துன்பம் தீர்ந்தது என்று ஒரு பறவை பாடுகின்றது. குளிர்நாட்டுக் கவிஞர்கள் தங்கள் நாட்டின் இயற்கையை உண்மையாகவே பாடினார்கள். அதிலே குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் காலனித்துவப் பாடசாலை அக்காட்சியை நமக்கு மனப்பாடம் செய்வித்தபோது, அதனுடன் ஒரு கருத்தையும் சேர்த்தே புகட்டிவிட்டது. துன்பம் முடிந்த பின்னரே பூ மலரும். பூ என்பது பொறுமைக்குக் கிடைக்கும் பரிசு. அதுவரை கைகட்டிக் காத்திருப்பதே மனிதனுக்கு அழகு என்பதே அக்கருத்து.

இலங்கையின் வடபாகத்திலே, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களாக விரிந்து கிடக்கும் வன்னிப் பெருநிலம் இக்கருத்தை ஆண்டுதோறும் மறுத்து வருகின்றது. அங்கே மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரையில் பெய்து தீர்ந்துவிடும். குளங்கள் நிரம்பும், காலபோக நெல் விளையும், மாசிக்குள் அறுவடை முடியும். பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கும். சித்திரையிற் குளத்து நீர் கரையை விட்டு உள்வாங்கும். வைகாசியிற் புல் கருகி, குளத்தின் அடிச்சேறு வெடித்து, மாடுகள் நிழலும் நீரும் தேடி அலையும். ஆண்டின் மிகக் கடுமையான அந்தக் காலத்திலேதான் வன்னிக் காடு பூக்கின்றது.

இலையுதிர்த்த முருக்கு முள்நிறைந்த கிளைகளிலே செந்நிறம் ஏந்தும். வேம்பு பழைய இலையைக் கழித்துச் செந்தளிர் விட்டு, சிறு வெண்பூக்களை நிலமெங்கும் உதிர்க்கும். இலுப்பையின் பூ இரவிலே சொரிந்து விடியற்காலையில் மரத்தடியை மூடிக் கிடக்கும். கொன்றை சரஞ்சரமாகப் பொன் தூக்கும். இவை மலரும்போது மழை இல்லை. மழையின் அறிகுறியும் இல்லை.

இதிலே அதிசயம் ஒன்றுமில்லை, காரணம் உண்டு. உலர்வலயத்தின் மரங்கள் பல கோடையில் இலையைக் களைவது நீர்ச்செலவைக் குறைப்பதற்காகும். மாரியில் நிலத்துக்குள் இறங்கிய நீரை ஆழ வேர்கள் இன்னும் எட்டிப் பிடிக்கின்றன. இலை மறைக்காத கிளையிலே மலரும் பூவைத் தேனீ எளிதிற் காண்கின்றது. இப்போது பூத்தால் ஆனி, ஆடி, ஆவணியிற் பழம் கனியும். விதை நிலத்தில் விழும். அடுத்த ஐப்பசி மழை அவ்விதையை ஈரமண்ணிற் சந்திக்கும். மழை வந்த பின் பூக்கத் தொடங்கினால் காலம் தவறிவிடும். ஆகவே வன்னியின் வேனிற்பூ ஒரு பரிசன்று, ஆயத்தம். போன மாரியிற் சேமித்ததைச் செலவிட்டு, வரப்போகும் மாரிக்காக, இரண்டுக்கும் நடுவிலுள்ள வறட்சியிலே மரம் செய்யும் வேலையே பூ.

இந்த உண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்குத் தமிழ் இலக்கணமே சான்று. நிலத்தையும் பொழுதையும் மனித ஒழுக்கத்தையும் இணைத்துக் கண்ட தொல்காப்பிய மரபு, வேனிற்காலத்தைப் பாலைத் திணைக்கு உரியதாக வைத்தது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியிலே இளவேனிலுக்கென்று தனியாகப் பத்துப் பாட்டுக்கள் உள்ளன. அங்கே பூ மலர்வது மகிழ்ச்சியின் அறிவிப்பன்று. போனவன் திரும்பி வருவதாகச் சொன்ன தவணை வந்துவிட்டது என்பதற்கான சாட்சி அது. மரம் தன் சொல்லைக் காப்பாற்றிவிட்டது; மனிதன் இன்னும் காப்பாற்றவில்லை. பூவைப் பார்த்து அவள் ஏங்குவதோடு நிற்கவில்லை, கணக்கும் கேட்கிறாள். இளவேனிலைப் பிரிவின் பொழுதாக வகுத்த தமிழ் மரபு, நம்பிக்கையைத் துன்பத்தின் நடுவிலேயே வைத்துப் பார்த்தது.

வன்னியின் வரலாற்றை இந்தக் கண்கொண்டு நோக்குவோம். அதன் ஊர்ப்பெயர்களையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். மாங்குளம், புளியங்குளம், வேப்பங்குளம், இலுப்பைக்குளம், மருதோடை, பனங்காமம், கருநாவற்பற்று என்று அவை வரிசையாக நிற்கின்றன. ஒரு மரமும் ஒரு நீர்நிலையும் சேர்ந்தால் அது ஊர் என்பதே அப்பெயர்களின் இலக்கணம். அரசர்களின் பெயரால் அழைக்கப்படும் ஊர்கள் அங்கே அரிது. குளக்கட்டை உயர்த்திய குடியானவன் தன் பெயரை அதற்கு இடவில்லை. தனக்கு நிழலும் கனியும் தந்த மரத்தின் பெயரை இட்டான். நன்றியறிதலை இதைவிட எளிமையாகப் பதிவு செய்யமுடியுமா?

அந்நியராட்சிக்கு எளிதிற் பணியாத வன்னிமைகளின் வரலாறு நம் மாணவர் அறிந்ததே. 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்த பிரித்தானியப் படையைத் தாக்கினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவிலே கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்தது. அதன் பின் வந்த நூற்றாண்டே வன்னியின் நீண்ட கோடை எனலாம். தூர்ந்த குளங்கள் திருத்தப்படாது கிடந்தன. காய்ச்சலும் பறங்கிநோயும் ஊர்களை வெறுமையாக்கின. விளைந்தாலும் விளையாவிட்டாலும் தானிய வரி குடியானவனை வாட்டியது. 1892இலேயே அவ்வரி ஒழிக்கப்பட்டது. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கையேடு, ஆட்சியாளர் நோக்கில் எழுதப்பட்டதாயினும், அக்காலத்து வாழ்வின் அவலத்தை அறிய இன்றும் நமக்கு உதவுகின்றது.

அத்தகைய காலத்தில் மக்கள் எவ்வாறு உயிர் தரித்தார்கள்? குளம் வற்றி நெற்கூடை வெறுமையாகும் மாதங்களிலேதான் காடு தன் களஞ்சியத்தைத் திறந்தது. பாலைப்பழம், வீரைப்பழம், முரலிப்பழம், ஈச்சம்பழம், நாவற்பழம், விளாம்பழம் எனக் கோடையும் கோடை முடிவும் பழங்களின் காலமாயின. பூத்த காட்டைத் தொடர்ந்து தேனெடுக்கும் காலம் வந்தது. வேப்பம்பூவைப் பெண்கள் கூட்டியள்ளி, உழுந்தோடு சேர்த்து வடகமாக்கிக் காயவைத்தனர். மழைக்காலத்திற் கறியில்லாத நாளுக்கு அது துணையாயிற்று. இலுப்பை விதையின் எண்ணெய் விளக்குக்கும் வீட்டுக்கும் ஆயிற்று. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்ற பழமொழியை நாம் ஏளனமாகவே வழங்கிவருகிறோம். ஆலை இல்லாமற்போன ஊரிலே பசித்த குழந்தையின் வாயிற் சிறிதளவு இனிப்பை வைத்த தாயின் பக்கமிருந்து அப்பழமொழியைக் கேட்டுப் பாருங்கள். அங்கே ஏளனத்துக்கு இடமில்லை, நன்றியே இருக்கின்றது.

காட்டில் உணவு தேடியவனைச் சோம்பேறி என்று எழுதிவைத்த அதிகாரிகள் உண்டு. எந்தப் பூ எந்த மாதம் மலரும், எந்தக் காய் எத்தனை நாளிற் பழுக்கும், எந்த மரத்தை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றுவைத்திருந்த அறிவு அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. முதிரையும் கருங்காலியும் அவர்களுக்கு விலைமரங்கள் மட்டுமே. ஏழையின் காலக்கணக்கைப் புரிந்துகொள்ளாத ஆட்சி, அவன் வாழ்க்கையையும் புரிந்துகொள்வதில்லை.

இந்த நன்றியறிதல் தனிமனித உணர்ச்சியாக மட்டும் நின்றுவிடவில்லை. ஊர்கூடிச் செய்யும் விழாவாகவும் வளர்ந்தது. நந்திக்கடலின் கரையிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோவிலின் வைகாசிப் பொங்கல் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கோடை உச்சத்திலே, கிணறுகள் வற்றும் மாதத்திலே அது நிகழ்கின்றது. சிலாவத்தைக் கடற்கரையிலிருந்து உப்புநீர் எடுத்துவரப்படும். முள்ளியவளைக் காட்டுவிநாயகர் கோவிலில் அந்நீரை ஊற்றி விளக்கெரிப்பர். பின்னர் வற்றாப்பளையிலே பொங்கல் நடைபெறும். நம்பிக்கையுள்ளோர் இதனை அம்மனின் அற்புதம் என்பர். சமூக வரலாற்று மாணவன் இதிலே வேறொன்றையும் காண்பான். நீதி மறுக்கப்பட்டு, அரசவையிலே நின்று நியாயம் கேட்ட ஒரு பெண்ணை, நீர் வற்றிய மாதத்திலே, அரிசியும் விறகும் சுமந்து வந்து ஓர் உழவர் சமுதாயம் நினைவுகூர்கின்றது. விளைந்ததற்கு நன்றி கூறும் அதே வாயால் அது நீதியையும் கேட்கின்றது. நன்றியும் நியாயமும் அங்கே ஒரே பானையிலேதான் பொங்குகின்றன.

வன்னியின் காடு கொடுத்ததற்கு மேலாக, மனிதக் கைகள் கொடுத்தவையும் உண்டு. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நடந்தது. அக்குளமே கிளிநொச்சி என்ற நகரத்துக்குத் தாய். குடாநாட்டிற் காணியற்ற உழவர்கள் அங்கே குடியேறினர், காட்டை வெட்டினர், யானைக்கும் பன்றிக்கும் காவலிருந்தனர், மலேரியாவுக்குப் பலியாயினர். இரண்டாம் உலகப் போரின் பின் டீடீரீ தெளிப்பினால் மலேரியா தணிந்த பின்னரே உலர்வலயக் குடியேற்றங்கள் வேர்கொண்டன. வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்களின் கீழ் வயல்கள் விரிந்தன. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபர்கள் பேனாவை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தனர். 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வன்னித் தோட்டங்கள் செழித்தன. 1977இன் பின் சந்தை திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டு மூட்டைகளின் முன்னே அச்செழிப்பு வாடியது. பூவை வாட்டுவது வெயில் மட்டுமன்று. கொள்கையும் வாட்டும் என்பதை அந்த உழவர்கள் அன்றே கற்றார்கள்.

இக்கைகளுள் மறக்கப்பட்ட கைகள் மலையகத் தமிழருடையவை. தேயிலையும் இறப்பரும் வளர்த்து இந்நாட்டைச் செல்வமாக்கியவர்கள் 1948இல் குடியுரிமை இழந்தார்கள். 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலே பட்டினி கிடந்தார்கள். 1977 வன்செயலில் அடித்துத் துரத்தப்பட்டார்கள். அவர்களுட் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காட்டோரங்களிற் குடிசை போட்டனர். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோர் முன்னின்று நடத்திய காந்தீயம் அவர்களுக்குக் காணியும் கல்வியும் மருத்துவமும் கிடைக்க உழைத்தது. 1983 யூலையில் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையிலே கொல்லப்பட்டார். வன்னியின் எத்தனையோ வயல்களின் முதல் வியர்வை மலையகத்தாருடையது. ஆனால் காணியுறுதியும் நீரும் பங்கிடப்பட்டபோது அவர்கள் கடைசி வரிசையிலேயே நிறுத்தப்பட்டனர். அந்நியர் செய்த அநீதியைப் பேசும் நாம், நம்மவரிடையே நிலவிய இவ்வநீதியைப் பேசாது விட்டால் நமது வரலாறு அரைவரலாறாகவே நின்றுவிடும்.

அவ்வாறே பேசவேண்டிய இன்னொன்றும் உண்டு. 1990 ஒக்டோபரிலே வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி ஆகிய ஊர்களில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். அடுத்த சித்திரையிலும் அங்கே வேம்பு பூத்திருக்கும். அதன் கீழே பாய் விரித்திருந்த அயலவர் இல்லை. அயலவனை இழந்த ஊரிலே மலரும் பூ குற்றச்சாட்டாகவும் நிற்கும்.

வன்னியின் நிலத்தையும் அதன் எளிய மக்களையும் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்தவர்களுள் அ. பாலமனோகரன் முக்கியமானவர். அவருடைய 'நிலக்கிளி' 1973இல் வெளிவந்தது. தண்ணிமுறிப்பே அதன் களம். அந்நாவல் வெளிவந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் தண்ணிமுறிப்பு மக்கள் தங்கள் ஊரை விட்டுப் பெயர்க்கப்பட்டனர். ஒரு நிலத்தின் மரங்களையும் பறவைகளையும் எழுதிவைப்பது பொழுதுபோக்கன்று என்பதை இது உணர்த்துகின்றது. ஊர் பறிபோன பின்னரும் புத்தகம் அதற்குச் சாட்சி சொல்லும்.

பின்னர் வந்த போர்க்காலம் நீண்டது. 1990களில் எரிபொருள், உரம், மருந்து, சீமெந்து ஆகியவற்றுக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து புறப்பட்ட இலட்சக்கணக்கான மக்களுட் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். மரநிழலே வீடாகவும் பாடசாலையாகவும் மருத்துவமனையாகவும் ஆயிற்று. குடாநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டுவதையும், முரலிப்பழத்தின் சுவையையும் அப்போதே அறிந்தனர். பழைய வன்னியாரின் காட்டறிவு புதிதாக வந்தவர்களையும் காத்தது. 2002இன் போர்நிறுத்தம் சிறிது மூச்சுவிட இடந்தந்தது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவைத் துடைத்தெடுத்தது. அதன்பின் போர் மீண்டும் மூண்டது.

2009ஆம் ஆண்டின் இளவேனிலைப் பற்றி எழுதும்போது சொற்கள் தயங்குகின்றன. மாசியும் பங்குனியும் சித்திரையும் கழிந்த அந்த மாதங்களிலே மக்கள் புதுக்குடியிருப்பிலிருந்து மாத்தளனுக்கும், மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்காலுக்கும் குவிக்கப்பட்டு, கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றிட்டிலே குண்டுகளுக்கு இரையாயினர். மே மாதத்தின் நடுவிலே போர் முடிந்தது. கொன்றை பூக்கும் காலம் அது. அவ்வாண்டு வைகாசி நிறைநிலா வந்தபோது வற்றாப்பளையைச் சுற்றியிருந்த ஊர்களிலே மக்கள் இல்லை. ஏறத்தாழ 2,80,000 பேர் முட்கம்பிகளுக்குள், பெரும்பாலோர் வவுனியாவின் செட்டிகுளத்திலே காடழித்து அமைக்கப்பட்ட மெனிக்பாம் முகாமிலே, அடைக்கப்பட்டிருந்தனர். நிழல் தர மரமில்லாத அந்த வெளியிலே அவர்கள் ஒரு கோடையைக் கழித்தனர். அம்முகாம் 2012 செப்டெம்பரிலேதான் மூடப்பட்டது.

திரும்பிச் சென்றவர்கள் கண்டதென்ன? கூரையற்ற சுவர்கள், தலையிழந்த பனைகள், தோட்டத்தை மூடிய பற்றைக்காடு. வேலி போய்விட்டது, எல்லைக்கல் போய்விட்டது, உறுதிப்பத்திரம் போய்விட்டது. கிணற்றைக் கொண்டும், எஞ்சிய மாமரத்தையும் பலாவையும் கொண்டுமே பலர் தங்கள் காணியை அடையாளங் கண்டனர். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் பாலைமரம் பழுத்து நிற்க, எட்டிப் பறிக்க முடியாத நிலையிலே பிள்ளைகள் இப்பால் நின்றனர். அக்கண்ணிவெடிகளை முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாகக் கிளறி அகற்றியவர்களுட் கணிசமானோர் அவ்வூர்ப் பெண்களே. தறப்பாள் கொட்டிலின் முற்றத்திலே முதலாவது வேனிலில் வேம்பு பூத்தபோது, அதைக் கூட்டியள்ளி வெயிலிற் பரப்பிய கைகள் கணவனையோ மகனையோ இழந்த கைகள். வடகம் போடுவது என்றால் இன்னும் ஆறு மாதத்துக்குப் பின்னரும் இந்த வீட்டில் உலை எரியும் என்று முடிவு செய்வதாகும். நம்பிக்கைக்கு இதைவிடத் துல்லியமான வரைவிலக்கணத்தை நான் அறியேன்.

உலகின் வேறு மூலைகளிலும் மனிதர் இவ்வாறு முடிவு செய்ததுண்டு. 1945 ஓகஸ்ட் 6இல் அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவிலே எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் புல்லும் முளைக்காது என்று பேசிக்கொண்டார்கள். சாம்பல் நிலத்திலே முதலிற் பூத்தது அலரி என்பர். 1973இல் அந்நகரம் அலரியைத் தன் மலராக ஏற்றுக்கொண்டது. ஆனால் ஹிரோஷிமா மக்கள் பூவைப் பார்த்துப் பழையதை மறந்துவிடவில்லை. அணுவாயுதமே வேண்டாம் என்று உலகுக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றார்கள். முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட்டிலே, 1941, 1942ஆம் ஆண்டுகளின் பட்டினிக்காலத்தில், வவிலோவ் வளர்த்த தாவர ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் சிலர் தானிய விதைகளின் நடுவிலேயே பசியால் மாண்டனர், விதையைத் தின்னவில்லை. அந்நிறுவனத்தை வளர்த்த வவிலோவோ தன் நாட்டு அரசாலேயே சிறையிடப்பட்டு 1943இல் இறந்தார். விதையைக் காத்தவர்களையும், காத்தவர்களைச் சிறையிட்டவர்களையும் வரலாறு ஒரே ஏட்டிலேதான் எழுதிவைத்திருக்கின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆள்வோருக்கும் பூக்கள் மீது பிரியம் உண்டு. வீதி அகலமாகிவிட்டது, விளக்கு எரிகின்றது, பூங்கா திறக்கப்பட்டது. ஆகவே பழையதைக் கிளறாதீர்கள், கிடைத்ததற்கு நன்றி கூறுங்கள் என்பார்கள். இந்த நன்றி உழவன் மரத்துக்குச் சொல்லும் நன்றியன்று. பறித்தவன் பறிகொடுத்தவனிடம் கேட்கும் நன்றி. பூவின் பெயரால் வாயை மூடச்சொல்லும் இந்த வசந்தத்தை நாம் ஏற்பதற்கில்லை.

வன்னிப் பெண்கள் அதை ஏற்கவுமில்லை. 2017 சனவரி 31இல், விமானப்படை முகாமாக்கப்பட்டிருந்த தங்கள் காணிகளைக் கேட்டு, கேப்பாப்பிலவு பிலக்குடியிருப்பு மக்கள் வீதியோரத்திலே அமர்ந்தனர். பனியிலும் வெயிலிலும் குழந்தைகளோடு அங்கேயே உறங்கினர். ஒரு மாதப் போராட்டத்தின் பின், மார்ச் 1ஆம் நாள் அக்காணிகள் திறந்துவிடப்பட்டன. ஏனைய காணிகளுக்கான போராட்டம் அதன் பின்னரும் தொடர்ந்தது. அந்த மாசி மாதம் எந்தக் கருணையினாலும் மலர்ந்ததன்று. ஆயத்தஞ் செய்தவர்களுக்கே அது மலர்ந்தது.

அதே ஆண்டு பெப்ரவரி 20இல் கிளிநொச்சியிலே காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தங்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அது பரவியது. பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைக்காமலே அவர்களுட் பலர் இறந்துவிட்டனர். கையிலே புகைப்படத்தோடு அமர்ந்திருந்த அத்தாய்மாரைக் காணும்போது, இளவேனிலில் மலர்ந்த பூவைப் பார்த்துத் தவணையைக் கணக்கிட்ட சங்ககாலத்துப் பெண் நினைவுக்கு வருகின்றாள். ஆனால் வேறுபாடு உண்டு. அவள் வீட்டினுள் இருந்து கேட்டாள். இவர்கள் தெருவில் இருந்து கேட்டார்கள். அவள் தலைவனிடம் கேட்டாள். இவர்கள் அரசிடம் கேட்டார்கள். ஒவ்வொரு வேனிலும் அவர்களுக்கு ஆறுதலாக வரவில்லை. இன்னும் ஓர் ஆண்டு விடை தரப்படவில்லை என்ற கணக்காகவே வந்தது.

துன்பங்கள் முடிந்துவிடவுமில்லை. போரின் பின் நுண்கடன் நிறுவனங்கள் தறப்பாள் வாசலுக்கே வந்து, தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்களை வட்டியிலே கட்டிப்போட்டன. 2021இல் முன்னேற்பாடின்றி விதிக்கப்பட்ட இரசாயன உரத் தடை நெல்வயலை அடித்தது. 2022இன் பொருளாதார நெருக்கடி அடுப்பையே அணைத்தது. அக்காலத்தில் முருங்கையிலையும் காட்டுப்பழமும் வேப்பம்பூவும் மீண்டும் பல வீடுகளின் உணவாயின. இருநூறு ஆண்டுக்கு முந்திய காலக்கணக்கு இன்றும் மக்களைக் காக்கின்றது என்பது மரத்துக்குப் பெருமை. இருநூறு ஆண்டுக்குப் பின்னரும் அது தேவைப்படுகின்றது என்பது ஆட்சிக்கு வெட்கம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான வரலாறு.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்க வேலை ஒன்று இங்கே காத்திருக்கின்றது. அரசர் வரிசையையும் போர் வரிசையையும் நம் பிள்ளைகள் ஒப்புவிப்பார்கள். தங்கள் ஊரில் எந்த மரம் எந்த மாதம் பூக்கும், எந்தப் பஞ்சத்தில் எது உணவாயிற்று, எந்தக் குளக்கட்டை எவர் உயர்த்தினர், அவர்களுக்கு ஏன் காணி கிடைக்கவில்லை என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். அவர்களிடம் சென்று கேளுங்கள், எழுதிவையுங்கள். பாலையும் வீரையும் முதிரையும் களவாக வெட்டப்படும் இடங்களிலே அதைத் தடுக்கப் பேசுங்கள். மலையகத்திலிருந்து வந்தவரின் கதையையும், வெளியேற்றப்பட்ட முஸ்லிம் அயலவரின் கதையையும் அந்த ஏட்டில் விட்டுவிடாதீர்கள். நன்றி என்பது கும்பிட்டு நிற்பதன்று; யார் கொடுத்தார்கள், யார் உழைத்தார்கள், யாருக்கு மறுக்கப்பட்டது என்று சரியாகக் கணக்கு வைப்பதே நன்றி.

வன்னி என்ற சொல்லுக்கு நெருப்பு என்றும் மரம் என்றும் பொருளுண்டு. அந்நிலம் இரண்டையும் நன்கறியும். எரிக்கும் வெயிலிலே நின்றபடி, எங்கோ இருக்கும் மாரிக்காகக் கொன்றை இப்போதே பூக்கின்றது. மழை வரட்டும், பின்பு பார்ப்போம் என்று அது காத்திருப்பதில்லை. நமக்கும் காத்திருக்க நேரமில்லை.